நாற்பத்திரண்டாம் பக்கம்

சட்டப்படி முதல் ஒரு மணி நேரம் இலவசம்.
அதில் இருபது நிமிடம் நாற்காலிக்கே போயிற்று.
தண்ணீர் கேன் வைக்கும் முக்காலியை
உதவியாளர் ஒருவர் காலால் தள்ளிவிட்டார்.
பானு உட்கார்ந்தாள். வயிரவன் சுவரில் சாய்ந்தான்.
நான் தரையில் அமர்ந்து மடியில் பிரித்தேன்.
போன மாதம் மாதிரி நீதிமன்றப் போட்டியில்
நதிக்காக வாதாடி வாங்கியது கோப்பை.
இன்று கிடைத்தது கோப்பு.

பொருள்: நரியன்வயல் ஊருணி.
நிலை: நீர் நிறைந்துள்ளது.
தூர்வாரியது இரண்டு முறை,
படித்துறை செப்பனிட்டது ஒரு முறை,
கரையில் நட்ட புங்கன் நூற்றிருபது.
கையெழுத்துகள் எல்லாம் நல்ல அழகு.

காலையில்தான் அங்கிருந்து வந்திருந்தோம்.
பேருந்து திரும்பும் இடத்திலேயே
சாம்பல் தொடங்கிவிடுகிறது.
செம்புறாங்கல் படிகள் பதினொன்றில்
ஏழு படி உமிச்சாம்பலுக்குள்.
மில் லாரி பின்பக்கமாக வந்து வந்து
கரை ஓரிடத்தில் மழுங்கிக் கிடந்தது.
கொடியில் காய்ந்த பள்ளிச் சட்டையை
உதறிக்கொண்டே ஒரு பெண் சொன்னாள்:
"வெள்ளைன்னு எடுத்துத் தர்றாக,
வெள்ளையா என்னைக்குப் போட்டுச்சு எம்புள்ள?"
நூற்றிருபது புங்கனில் ஒன்றுகூட
எங்களுக்கு நிழல் தரவில்லை.

முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.
நாற்பத்து மூன்று.

பானு விரலில் எச்சில் தொட்டு மறுபடி புரட்டினாள்.
ஒட்டிக்கொண்டெல்லாம் இல்லை.
நூல் கோத்த துளையில்
நகக்கண் அளவு காகிதக் கிழிசல்.

"நம்பர் போட்டவரு தூங்கியிருப்பாரு"
என்றார் தகவல் அலுவலர்,
நாங்கள் கேட்கும் முன்பே.
கேட்கும் முன்பே பதில் தரும் ஆபீசை
இப்போதுதான் பார்க்கிறேன் என்று
வயிரவன் என் காதில் சொன்னான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாற்பத்தொன்றின் முதுகில்தான் அது இருந்தது.
ஈரம் காயுமுன் மூடிய முத்திரை
மேல் தாளில் விட்டுப்போன ஊதாக் கறை.
வலமிருந்து இடமாக ஓடும் எழுத்துகள்,
சுழிகள் தப்பான பக்கம் திரும்பி.
தாளைத் தூக்கி
ஜன்னல் வெயிலுக்குக் காட்டினேன்.

நிராகரிக்கப்பட்டது.

யாரோ ஒருவர் கூடாது என்றிருக்கிறார்.
இந்த அறையில், ஒருவேளை இதே மேசையில்,
மைப்பெட்டியைத் திறந்து
ஓங்கிக் குத்தியிருக்கிறார்.
அவர் பெயர் நாற்பத்திரண்டோடு போய்விட்டது.
குத்திய வேகம் மட்டும் மிச்சம்.

சகாயலில்லி வக்கீல்
தேவகோட்டைக் கோர்ட்டிலிருந்து போனில் கேட்டார்:
"எந்த மனு நிராகரிப்பு?"
தெரியாது.
"தேதி?"
ஒரு ஏழு மட்டும் தெரிகிறது மேடம்.
"ஏழை வைத்து ஸ்டே வாங்க முடியாதும்மா."
கொஞ்சம் மௌனம். பின்னால் யாரோ
வாய்தா கேட்கும் சத்தம்.
"நகல் கேளுங்க. முன்பக்கம் மட்டும் எடுத்துத் தருவாங்க.
பின்பக்கம்னு எழுதிக் கேளுங்க."

பக்கத்துக்கு இரண்டு ரூபாய். கட்டினோம்.
ஜெராக்ஸில் ஊதா
சாம்பல் நிறமாக வந்தது.

மாலை புது மனு எழுதினோம்.
வயிரவன் எழுதியது பதினெட்டு வரி;
நீர், தாய், வருங்காலத் தலைமுறை எல்லாம் இருந்தன.
பானு மூன்று தீர்ப்புகளைச் சேர்த்தாள்.
நான் அந்தச் சட்டையை எழுதினேன்.
கோர்ட் முடிந்து கவுன் கழற்றாமல் வந்த சகாயலில்லி
பேனாவால் அடித்துக்கொண்டே போனார்.
சட்டையில் மட்டும் கொஞ்சம் நின்றார்.
பிறகு அதையும் அடித்து, "இது வாதத்துக்கு" என்றார்.
மிஞ்சியது ஒரு வரி:

நாற்பத்திரண்டாம் பக்கம் எங்கே?

பத்து ரூபாய் வில்லையை ஒட்டப் பசை இல்லை.
டிபன் பாக்ஸ் மூடியில் காய்ந்திருந்த
சோற்றுப் பருக்கை ஒன்றை எடுத்து
கட்டை விரலால் நசுக்கித் தேய்த்தோம்.
அதே மில்லில் அவித்த அரிசியாகவும் இருக்கலாம்.
நன்றாகத்தான் ஒட்டியது.